ஸ்லூத்: துப்புத் தேடுவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு அரிய வினைச்சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்லூத் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பெயர்ச்சொல்லாக வந்தால் துப்பறிபவர். வினைச்சொல்லாக வந்தால், ஒரு மர்மத்தின் தடயங்களை ஒவ்வொன்றாகத் தேடி, அவை போகும் வழியிலேயே பின்தொடர்ந்து போவது. பெயர்ச்சொல்லை ஆங்கிலப் பத்திரிகை படிக்கிற எல்லாரும் பார்த்திருப்பார்கள். வினைச்சொல்தான் அபூர்வம். 'ஸ்லூத்திங்' என்ற வடிவம் அவ்வப்போது கண்ணில் படும், 'ஸ்லூத்ட்' என்று இறந்தகாலத்தில் எழுதினால் ஆங்கிலம் பேசுகிறவர்களே ஒரு நொடி நின்று படிப்பார்கள்.

எப்படி உச்சரிப்பது?

எழுத்து எஸ், எல், இ, யூ, டி, எச். உச்சரிப்பு 'ஸ்லூத்', அதாவது ட்ரூத், டூத் இரண்டுக்கும் எதுகையாக வரும். 'ஸ்லெவுத்' இல்லை, 'ஸ்லியூத்' என்று இழுக்கவும் வேண்டாம்.

அகராதியில் 'மர்மத்தைத் தீர்ப்பது' என்று போட்டிருக்கிறார்களே, அது சரிதானா?

பாதி சரி. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

தீர்ப்பது வேறு, தேடுவது வேறு. ஸ்லூத் என்ற வினை தேடலைச் சொல்கிறது, முடிவைச் சொல்வதில்லை. ஒருவர் மூன்று மாதம் ஸ்லூத் செய்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பினாலும் அவர் ஸ்லூத் செய்தார் என்பது உண்மை. முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் 'அவுட்' என்ற ஒட்டு வேண்டும், 'ஸ்லூத் அவுட்' என்றால்தான் தேடிக் கண்டுபிடித்ததாக அர்த்தம். நம்மூர் குற்றச் செய்திகளில் எத்தனையோ வருஷமாக மாறாமல் வரும் ஒரு வரி இருக்கிறதே, 'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை' என்று, அந்த நாய் செய்ததுதான் ஸ்லூத். பிடித்ததா இல்லையா என்பது அடுத்த கதை.

நாயை உதாரணத்துக்காக இழுக்கவில்லை. சொல்லே நாயிடமிருந்து வந்ததுதான். கீழே வருகிறது.

எந்த மொழியிலிருந்து வந்தது? லத்தீனா, கிரேக்கமா?

இரண்டும் இல்லை. பழைய நார்ஸ் மொழி, அதாவது வைக்கிங்குகள் பேசியது. அதில் 'ஸ்லோத்' என்றால் தடம். பனியிலோ மண்ணிலோ ஆளோ விலங்கோ நடந்துபோனதால் உண்டாகும் தடம்.

9-ஆம் நூற்றாண்டில் டேனியப் படைகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து இறங்கி, பிறகு அங்கேயே குடியேறினார்கள். அவர்கள் மொழியும் அக்கம்பக்கத்து மொழியோடு கலந்தது. இன்றைக்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் எக், ஸ்கை, நைஃப், விண்டோ, லா எல்லாமே அப்படி வந்த சொற்கள்தான். 'தே' என்ற பிரதிப்பெயர்கூட. அதே கூட்டத்தோடு வந்ததுதான் ஸ்லூத்தின் மூதாதை. 1200-ஐ ஒட்டிய ஆங்கில எழுத்தில் அது 'ஒருவர் விட்டுச்சென்ற தடம்' என்ற பொருளில் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்லூத் என்றால் தேடுகிற ஆள் கிடையாது. தேடப்படுகிறவன் தரையில் விட்டுப்போன அடையாளம். பின்னால் எப்படிப் புரண்டது பாருங்கள், தடத்தைச் சொன்ன சொல் தடத்தைப் பிடித்துப் போகிறவனைச் சொல்ல ஆரம்பித்தது.

அப்படியென்றால் ஏன் 'ஸ்லோத்' என்று இல்லாமல் 'ஸ்லூத்' ஆனது? சோம்பேறித்தனத்துக்கும் 'ஸ்லோத்' என்றுதானே சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. சோம்பலைக் குறிக்கும் ஸ்லோத் வேறு குடும்பம், அது 'ஸ்லோ' என்ற சொல்லோடு விகுதி சேர்ந்து உண்டானது. நம் சொல்லுக்கும் அதற்கும் ரத்த உறவு இல்லை, எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்து குழப்பியதுதான் மிச்சம்.

உயிரெழுத்து மாறியதற்குக் காரணம் ஸ்காட்லாந்து. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பழைய 'ஓ' ஒலி நாக்கின் முன்பக்கத்துக்கு நகர்ந்தது. தெற்கே 'புக்' என்பதை அங்கே 'பியூக்' என்பது போல உச்சரித்தார்கள், எழுதும்போது இ, யூ இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். ஸ்லூத்தின் நடுவில் இருக்கும் அந்த இரண்டெழுத்தும் அப்படி வந்ததுதான். தெற்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல் மங்கிப்போனது. வடக்கில் பிழைத்தது. பிழைக்க வைத்தது ஒரு நாய்.

சரி, அந்த நாய் கதையைச் சொல்லுங்கள்.

'ஸ்லூத்ஹவுண்ட்'. தடம் பிடிக்கும் வேட்டை நாய். இப்போது பிளட்ஹவுண்ட் என்று நாம் அறியும் தொங்கிய காதும் சுருங்கிய முகமும் கொண்ட நாயின் ஸ்காட்லாந்து உறவு. 14-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் இந்தப் பெயர் வருகிறது.

முக்கியமான இடம், ஜான் பார்பர் 1375-ஐ ஒட்டி எழுதிய நீண்ட கவிதை. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் போர்களைச் சொல்வது. புரூஸ் ஆங்கிலேயரிடமும் அவர்களோடு சேர்ந்த எதிரிகளிடமும் அகப்படாமல் ஓடிக்கொண்டிருந்த காலம். துரத்துகிறவர்களில் ஒருவரான லார்ன் பகுதி ஜான் ஒரு ஸ்லூத்ஹவுண்டைக் கொண்டு வருகிறார். எந்த நாய்? ஒரு காலத்தில் புரூஸே தன் கையால் ஊட்டி வளர்த்த நாய். அதற்கு அவர் மேல் அவ்வளவு பாசம், அதனால் எத்தனை பேர் எத்தனை பக்கம் சிதறி ஓடினாலும் அது வேறு எவன் தடத்தையும் சட்டை செய்யாமல் தன் எஜமானின் தடத்தை மட்டும் பிடித்து வருகிறது. புரூஸ் ஆட்களைப் பிரித்து அனுப்பிப் பார்க்கிறார், நாய் ஏமாறவில்லை. கடைசியில் அவரும் கூட இருந்த ஒருவரும் ஒரு ஓடையில் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே வெகுதூரம் நடக்கிறார்கள். நாய் கரையில் வந்து அலைந்து அலைந்து தடத்தை விட்டுவிடுகிறது.

பார்பர் இதோடு நிறுத்தவில்லை, 'வேறு சிலர் இப்படியும் சொல்கிறார்கள்' என்று இன்னொரு முடிவும் தருகிறார். கூட இருந்தவன் புதரில் மறைந்து அம்பெய்து நாயைக் கொன்றான் என்று. இரண்டு சாட்சியத்தையும் எழுதிவிட்டு, தப்பித்தது மட்டும் நிச்சயம் என்று போகிறார். 600 வருஷத்துக்கு முன்னால் ஒரு கவிஞர் காட்டிய இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதற்கு நூறு வருஷம் கழித்து, வில்லியம் வாலஸைப் பற்றி எழுதப்பட்ட இன்னொரு ஸ்காட்டிஷ் கவிதையிலும் இந்த நாய் வருகிறது. அங்கே நாயை நிறுத்துவது தண்ணீர் இல்லை, ரத்தம். வாலஸ் தன் கூட்டத்தில் துரோகி என்று சந்தேகப்பட்ட ஒருவனை வெட்டிப்போட, நாய் அந்த ரத்தத்தில் வந்து நின்றுவிடுகிறது, அதற்கு மேல் போக மறுக்கிறது.

இதெல்லாம் கவிதை. நிஜத்தில் இந்த நாய்களை வைத்திருந்தார்களா?

வைத்திருந்தார்கள், சட்டப்படியே வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே இருந்த எல்லைப் பகுதியில் முன்னூறு வருஷம் மாடு திருடுவது ஒரு பிழைப்பாகவே இருந்தது. இந்தப் பக்கம் இருக்கிறவன் ராத்திரியில் அந்தப் பக்கம் போய் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவான். மறுநாள் அவன் இவனிடம். இதற்காகவே எல்லைச் சட்டம் என்று தனியாக ஒன்று இருந்தது, அதில் 'ஹாட் ட்ராட்' என்ற ஒரு உரிமை உண்டு. திருட்டு நடந்த ஆறு நாளுக்குள் பறிகொடுத்தவன் ஆட்களோடு எல்லை தாண்டித் துரத்திப் போகலாம், அடுத்த ராஜ்ஜியத்துக்குள் ஆயுதத்தோடு நுழைகிறானே என்று யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் திருட்டுத்தனமாகப் போகக் கூடாது. எரிகிற கரிமண் கட்டியை ஈட்டி முனையில் குத்தி உயர்த்திக்கொண்டு, கொம்பு ஊதிக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு, நாயை முன்னால் விட்டுப் போக வேண்டும். நான் திருட வரவில்லை, திருட்டுப் போன மாட்டின் தடத்தைப் பிடித்து வருகிறேன் என்று ஊருக்கே அறிவிப்பது அது. அந்தத் தடம்தான் ஸ்லூத், அந்த நாய்தான் ஸ்லூத்ஹவுண்ட்.

ஆங்கில மருத்துவர் ஜான் கேயஸ் 1570-இல் லத்தீனில் நாய்களைப் பற்றி எழுதியதிலும், மாட்டுத் திருட்டு அதிகம் என்பதால் எல்லைப் பகுதியில் இந்த மோப்ப நாய்களுக்கு நல்ல கிராக்கி என்று குறிப்பிட்டிருக்கிறார். இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வந்த பிறகும், 1616-இல், எல்லையோரத்தில் இன்னின்ன இடங்களில் இந்த நாய்களை அந்தந்த ஊர்க்காரர்களின் செலவில் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

நாய் எப்போது மனிதனானது?

அமெரிக்காவில், 19-ஆம் நூற்றாண்டில்.

முதலில் உருவகமாக வந்தது. விடாமல் துரத்தும் ஆளை 'ஸ்லூத்ஹவுண்ட்' என்று அந்த நூற்றாண்டின் நடுவிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு வாலை வெட்டிச் சுருக்கினார்கள். 1872-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் மன்ரோ என்ற பதிப்பாளரின் வாரப் பத்திரிகையில் 'ஓல்டு ஸ்லூத், தி டிடெக்டிவ்' என்ற தொடர்கதை வந்தது. எழுதியவர் ஹார்லன் பேஜ் ஹால்சி. கதாநாயகன் வயதானவன் இல்லை, கிழவன் வேஷம் போட்டுத் திரிகிற இளைஞன். மாறுவேஷம், அடிதடி, கடைசி நிமிஷத் தப்பித்தல் என்று தொழிலாளர்களும் பையன்களும் விழுந்து விழுந்து படித்த மலிவுப் பதிப்புக் கதை அது. அது பிடித்த பிடியில் ஹால்சி 'ஓல்டு ஸ்லூத்' என்பதையே தன் புனைபெயராக்கிக்கொண்டார், அந்தப் பெயரில் தனியாக ஒரு நூல் வரிசையே வந்தது. போட்டிப் பதிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா, அவர்களும் தங்கள் கதைகளில் ஸ்லூத் என்ற சொல்லைப் போட ஆரம்பிக்க, மன்ரோ வழக்கு வரைக்கும் போனார். ஒரு சொல்லுக்காகக் கோர்ட் படி ஏறுகிற அளவுக்கு அது விற்றது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஸ்லூத் என்றால் துப்பறிபவர் என்று உலகம் முழுக்க நிலைத்ததற்கு இந்த மலிவுக் கதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இலக்கியம் என்று யாரும் மதிக்காத எழுத்து ஒரு மொழிக்கே சொல் கொடுத்திருக்கிறது. துப்பறியும் நாவல்கள் எழுதிய ஆரணி குப்புசாமி முதலியாரையும் வடுவூர் துரைசாமி அய்யங்காரையும் ஒருகாலத்தில் ஒளித்துவைத்துப் படித்த நமக்கு இது புரியும்.

வினைச்சொல் எப்போது வந்தது?

1900-களின் தொடக்கத்தில். ஆள் வந்து முப்பது வருஷம் கழித்து அந்த ஆள் செய்கிற வேலை. தடம், தடம் பிடிக்கும் நாய், நாய் மாதிரி தடம் பிடிக்கும் ஆள், அந்த ஆளின் வேலை. எழுநூறு வருஷத்தில் நாலு படி.

ஷெர்லக் ஹோம்ஸை ஸ்லூத் என்று சொல்லலாமா? அவர் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடிப்பாரே?

தாராளமாகச் சொல்லலாம், கோனன் டாயிலே சொல்லியிருக்கிறார். 1891-இல் வந்த சிவப்புத் தலைமுடிக்காரர்கள் சங்கம் பற்றிய சிறுகதையில், வழக்கு பாதியில் இருக்கும்போது ஹோம்ஸ் சாரசாதேயின் வயலின் கச்சேரிக்குப் போய், கண் சொக்கி, விரலால் தாளம் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருக்கும் வாட்சனுக்கு, இவரா அந்த ஸ்லூத்ஹவுண்ட் ஹோம்ஸ் என்று நம்ப முடியவில்லை. அந்தச் சொல்லையேதான் பயன்படுத்துகிறார்.

உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடிப்பவர் என்ற பெயர் ஹோம்ஸுக்கு வந்துவிட்டதே தவிர, கதைகளைத் திறந்து பார்த்தால் மனுஷன் பாதி நேரம் தரையில் முழங்காலிட்டு, லென்ஸும் அளவு நாடாவுமாகத்தான் இருக்கிறார். 1890-இல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் நிஜ நாயையே கூட்டிவருகிறார். டோபி என்ற கலப்பின நாய். குற்றவாளிகளில் ஒருவன் கிரியோசோட் என்ற மர எண்ணெயில் காலை வைத்துவிட்டான், அந்த வாசனையைப் பிடித்து நாய் லண்டன் தெருக்களைக் கடந்து போகிறது, பின்னாலேயே ஹோம்ஸும் வாட்சனும். கடைசியில் நாய் வெற்றிக் களிப்போடு ஏறி நின்றது எதன் மேல் தெரியுமா? ஒரு மரக்கடையில் இருந்த கிரியோசோட் பீப்பாய் மேல்! வேறொரு தடத்தைப் பிடித்துவிட்டது. ஹோம்ஸ் என்ன செய்தார்? இரண்டு தடமும் பிரிந்த இடத்துக்குத் திரும்பிப் போய், நாயை மறுபடி விட்டார். அந்தத் திரும்பிப் போவதும் சேர்ந்ததுதான் ஸ்லூத்.

நிஜ வழக்கில் போலீஸ் இந்த நாய்களை நம்பினார்களா?

லண்டனில் ஒரு தடவை முயன்றார்கள், 1888-இல், ஜாக் தி ரிப்பர் கொலைகள் நடந்தபோது. போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரன், பர்கோ, பார்னபி என்ற இரண்டு பிளட்ஹவுண்டுகளை வரவழைத்து அக்டோபர் மாதம் ஹைட் பார்க்கில் சோதித்துப் பார்த்தார். துரத்தப்படும் ஆளாக அவரே ஓடிப் பார்த்ததாகவும் அன்றைய பத்திரிகைகள் எழுதின.

பிறகு நவம்பர் 9-ஆம் தேதி ஒரு பெண் தன் அறைக்குள்ளேயே கொல்லப்பட்டுக் கிடந்தாள். போலீஸ் வந்துவிட்டது, ஜன்னல் வழியாக உடல் தெரிகிறது. ஆனால் கதவைத் திறக்கவில்லை. நாய்கள் வரும், அதுவரை தடம் கலையக் கூடாது என்று வெளியிலேயே காத்து நிற்கிறார்கள், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக. மதியம் ஒன்றரை மணிக்கு மேலதிகாரி ஒருவர் வந்து, நாய் வராது, கதவை உடையுங்கள் என்கிறார். நாய்களுக்கும் போலீஸுக்குமான ஏற்பாடு ஏற்கெனவே முறிந்துபோயிருந்தது, வாசலில் நின்றவர்களுக்குத் தகவல் வரவில்லை. அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நாய் வந்திருந்தால் பிடித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆயிரக்கணக்கான ஆட்கள் நடமாடும் லண்டன் தெருவில் பழைய தடத்தைப் பிடிப்பது நாய்க்கும் கஷ்டம்தான்.

டிடெக்ட், இன்வெஸ்டிகேட், சஸ் அவுட், ஃபெரட் அவுட்... இவற்றுக்கும் ஸ்லூத்துக்கும் என்ன வித்தியாசம்?

டிடெக்ட் லத்தீன். மூடியிருப்பதை விலக்குவது என்பது அதன் மூலப் பொருள், அதனால் அதில் முடிவு உள்ளேயே இருக்கிறது, டிடெக்ட் செய்தார் என்றால் கண்டுபிடித்துவிட்டார். 1842-இல் லண்டன் போலீஸில் இரண்டு இன்ஸ்பெக்டர், ஆறு சார்ஜெண்ட் என்று எட்டே பேரை வைத்து ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள், 'டிடெக்டிவ்' என்ற சொல் அதை ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது.

இன்வெஸ்டிகேட் என்பதும் லத்தீன், ஆனால் அது ஸ்லூத்துக்கு உடன்பிறப்பு மாதிரி, ஏனென்றால் அதன் வேரிலும் காலடித் தடம் என்ற பொருள் இருக்கிறது. வித்தியாசம் அந்தஸ்தில். இன்வெஸ்டிகேட் செய்வது அதிகாரம் உள்ளவர், கோப்பும் நம்பரும் உண்டு. ஸ்லூத் செய்ய யாரும் உத்தரவு போட வேண்டாம், பக்கத்து வீட்டுப் பாட்டியும் செய்யலாம்.

சஸ் அவுட் பிரிட்டிஷ் போலீஸ் பேச்சில் 'சஸ்பெக்ட்' சுருங்கி வந்தது, ஆளை எடைபோட்டுப் புரிந்துகொள்வதற்கும் அதைச் சொல்வார்கள். ஃபெரட் அவுட், கீரியைப் போலத் தோன்றும் ஒரு சிறு விலங்கை வளைக்குள் விட்டு முயலை வெளியே துரத்தும் பழக்கத்திலிருந்து வந்தது, ஒளிந்திருப்பதை வற்புறுத்தி வெளியே கொண்டுவருவது. நாய் தடத்தின் பின்னால் போகிறது, ஃபெரட் வளைக்குள்ளேயே நுழைகிறது. எது எங்கே பொருந்தும் என்று இதை வைத்தே முடிவு பண்ணலாம்.

'க்ளூ' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முதலில் நூல் உருண்டை. கிரேக்கக் கதையில் தீசியஸ் சிக்கல் மாளிகைக்குள் போகும்போது ஆரியட்னே கொடுத்த நூலைப் பிடித்துத் திரும்பி வந்தான், அதிலிருந்து வந்த பொருள்.

'சிபிஐ ஸ்லூத்ஸ்', 'கஸ்டம்ஸ் ஸ்லூத்ஸ்' என்று நம் ஆங்கிலப் பத்திரிகைகளில் தினமும் வருகிறதே? அப்புறம் எப்படி அபூர்வம் என்கிறீர்கள்?

வருவது பெயர்ச்சொல், அதுவும் இந்திய ஆங்கிலத்தில். வருமான வரிச் சோதனை, விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்டது, லஞ்ச ஒழிப்புத் துறை கையும் களவுமாகப் பிடித்தது, எல்லாவற்றுக்கும் நம் பத்திரிகைகளில் 'ஸ்லூத்ஸ்' உண்டு. ஒரு காரணம், தலைப்பில் இடம் மிச்சம். 'ஆஃபீசர்ஸ்' என்று போடும் இடத்தில் இது ஒரு எழுத்து குறைவு, 'இன்வெஸ்டிகேட்டர்ஸ்' என்பதோடு ஒப்பிட்டால் சொல்லவே வேண்டாம்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இப்போது இந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் பழங்காலத் துப்பறியும் கதை வாடை. அங்கே ஒரு வரி அதிகாரியை ஸ்லூத் என்று செய்தியில் எழுதினால் லேசான விளையாட்டுத்தனம் தெரியும். வெளிநாட்டு வாசகருக்காக எழுதுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. இத்தனை கோடிப் பேர் படிக்கிற ஒரு ஆங்கிலத்துக்குத் தன் வழக்கு என்று ஒன்று இருக்கத்தான் செய்யும்.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

இடத்தைப் பொறுத்தது. 'துப்பறி' பொதுவாகப் பொருந்தும். 'துப்புத் துலக்கு' என்றால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாயிற்று என்ற பொருளும் சேர்ந்துவிடுகிறது, அது ஸ்லூத் அவுட். வெறும் ஸ்லூத்துக்கு 'துப்புத் தேடு' போதும். 'புலனாய்வு செய்' அரசாங்க வார்த்தை, இன்வெஸ்டிகேட் பக்கம் விட்டுவிடலாம். கதையில் எழுதும்போது 'தடம் பிடித்துப் போனான்', 'மோப்பம் பிடித்தான்' என்று எழுதினால் மூலச் சொல்லின் நாய்வாசனைகூடத் தங்கும்.

'ஒற்றன்', 'ஒற்றாடல்' இரண்டும் வேண்டாம். அது வேவு பார்ப்பது. வேவு பார்க்கிறவன் நடந்துகொண்டிருப்பதைக் கவனிக்கிறான், ஸ்லூத் நடந்து முடிந்ததன் தடத்தைத் தேடுகிறான்.

இணையத்தில் 'சோஷியல் மீடியா ஸ்லூத்' என்கிறார்களே, அது பாராட்டா, திட்டா?

இரண்டும்தான். எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

கெட்ட உதாரணம் 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு. ரெட்டிட் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் கூட்டத்தின் புகைப்படங்களை வட்டம் போட்டு, முதுகுப்பை வைத்திருந்தவர்களை எல்லாம் குற்றவாளியாக்கி, கடைசியில் சம்பந்தமே இல்லாதவர்களின் பெயர்களை ஊரறியப் பரப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ரெட்டிட் நிர்வாகம் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அங்கே நடந்தது ஸ்லூத்தே இல்லை என்பது என் கருத்து. தடத்திலிருந்து ஆளுக்குப் போகாமல், முதலில் ஆளை முடிவு பண்ணிவிட்டுத் தடத்தைத் தேடினார்கள். 'ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்' என்று வள்ளுவர் சொன்னது வேவுக்காரர்களுக்கு. ஒருவன் கொண்டுவந்த செய்தியை இன்னொருவனை வைத்துச் சரிபார் என்பது இவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

நல்ல உதாரணம் எலிசபெத் பிக். நெதர்லாந்தில் பிறந்த நுண்ணுயிரியலாளர், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வரும் படங்களில் மோசடி இருக்கிறதா என்று பார்ப்பவர். இவரைப் போன்றவர்களை 'சயின்ஸ் ஸ்லூத்' என்கிறார்கள். புரதங்களைக் காட்டும் சோதனைப் படங்களில் கறுப்புப் பட்டைகள் வரிசையாக இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி தோன்றும். இவர் ஒரு பட்டையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் புள்ளியை, வளைவை ஞாபகம் வைத்து, அதே பட்டை வேறொரு சோதனையின் முடிவு என்ற பெயரில் தலைகீழாகவோ திருப்பியோ ஒட்டப்பட்டிருப்பதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறார். இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்தார்கள். அதில் 3.8 சதவீதத்தில் கோளாறான படங்கள் இருந்தன. யாரும் அவருக்கு வாரண்ட் கொடுக்கவில்லை, சம்பளம் கொடுத்து உட்காரவைக்கவில்லை. ஒரு படம், அடுத்த படம், அடுத்த படம் என்று போனார். இந்த வினைச்சொல்லுக்கு இன்றைய காலத்தில் இதைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை.

வாக்கியத்தில் எப்படிப் போடுவது?

பெரும்பாலும் செயப்படுபொருள் இல்லாமல் வரும். 'ஷி ஸ்பென்ட் தி வீக்எண்ட் ஸ்லூத்திங்' என்றால் வார இறுதி முழுக்கத் துப்புத் தேடினாள். 'ஸ்லூத்திங் அரவுண்ட்' என்றால் அங்கே இங்கே விசாரித்துக்கொண்டு திரிவது. கண்டுபிடித்ததைச் சொல்ல 'ஹி ஸ்லூத்ட் அவுட் தி ஓனர்', அதாவது உரிமையாளர் யாரென்று தேடிக் கண்டுபிடித்துவிட்டான். 'ஐ ஸ்லூத்ட் தி பஸில்' என்று எழுதாதீர்கள், புதிர்க் கட்டத்துக்குத் தடம் கிடையாது, அங்கே 'சால்வ்' போடுங்கள். அலுவலக மடலில் போடுவதானால் நெருக்கமானவர்களுக்கு மட்டும். தணிக்கை அறிக்கையில் வேண்டவே வேண்டாம்.

'எ ஸ்லூத் ஆஃப் பேர்ஸ்' என்று கரடிக் கூட்டத்துக்குச் சொல்கிறார்களே, கரடி துப்பறியுமா?

இல்லை. மேலே சொன்ன சோம்பல் ஸ்லோத்தின் பழைய எழுத்து வடிவம் அது. கரடி மந்தமான விலங்கு என்று நினைத்து வைத்த கூட்டப் பெயர். நம் சொல்லோடு சம்பந்தமில்லை, வினாடி வினாவில் கேட்டால் ஏமாறாதீர்கள்.

அந்தப் பழைய 'ஸ்லோத்' எங்காவது இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா?

ஐஸ்லாந்தில் இருக்கிறது. பழைய நார்ஸை அதிகம் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். தடம், வழி என்ற பொருளில் இன்றும் அங்கே அது அன்றாடச் சொல். அதோடு 'வெவ்' என்ற வலையைச் சேர்த்து, இணைய முகவரிக்கு 'வெவ்ஸ்லோத்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வலைத்தடம்.